பைத்தான் டிக்‌ஷனரி: தமிழ்ச் சொல்லைக் கீயாக வைத்துப் பழகலாம்

லிஸ்ட்டும் ஃபார் லூப்பும் ஓரளவு கைவந்துவிட்டால் அடுத்தது டிக்‌ஷனரிதான். ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவை உடனே எடுத்துத் தரும். பெரும்பாலான பாடங்களில் ஆப்பிள், பனானா என்று ஆங்கிலக் கீகளை வைத்தே சொல்லித் தருகிறார்கள். தமிழ்த் தரவில் கை வைத்ததும் வரும் ஒரு சிக்கல் அங்கே வராது. அதனால் இங்கே எல்லாம் தமிழ்க் கீகள்.

எழுதிப் பார்க்க கூகுள் கோலாப் போதும். எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரில் தமிழும் ஒழுங்காகத் தெரியும். விஎஸ் கோட் நல்ல கருவிதான், ஆனால் முதல் வாரத்துக்கு அது அதிகம் என்பது என் கருத்து. இன்னொன்று: கெட், டெல் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: உருவாக்குவது

குறியீடு = {"சென்னை": "044", "மதுரை": "0452", "சேலம்": "0427"}

இந்த வரி பைத்தான் 3-இல் அப்படியே ஓடும், மாறியின் பெயர் தமிழில் இருந்தாலும். எஸ்டிடி எண்களை மேற்கோள் குறிக்குள் போட்டதற்குக் காரணம் உண்டு. வெறுமனே 0452 என்று எழுதினால், முன்னால் பூஜ்ஜியம் வரக்கூடாது என்று சின்டாக்ஸ் எரர் வரும். கூட்டிக் கழிக்கப் போகாத எண்ணை ஸ்ட்ரிங்காக, அதாவது மேற்கோள் குறிக்குள் எழுத்துத் தொடராக, வைப்பதே நல்லது.

எடுக்க: குறியீடு["மதுரை"]

படி 2: சேர்ப்பது, மாற்றுவது

குறியீடு["கோயம்புத்தூர்"] = "0422"

அந்தக் கீ இல்லையென்றால் சேரும். இருந்தால் பழைய வேல்யூ போய்ப் புதியது உட்காரும், எந்த எச்சரிக்கையும் வராது. நீக்க டெல். பைத்தான் 3.7 முதல், சேர்த்த வரிசை அப்படியே இருக்கும் என்பது மொழியின் உத்தரவாதம்.

படி 3: இல்லாத கீயைக் கேட்டால்

குறியீடு["ஈரோடு"] என்றால் கீஎரர் வந்து நிரல் நின்றுவிடும். குறியீடு.கெட்("ஈரோடு", "தெரியாது") என்று கேட்டால் நிற்காது, "தெரியாது" என்ற பதில் வரும். ஆனால் எல்லா இடத்திலும் கெட் போடாதீர்கள். கீ கட்டாயம் இருந்தாக வேண்டிய இடத்தில் எரர் வருவதுதான் உங்களுக்கு உதவி.

படி 4: கண்ணெதிரே இருக்கும் கீ, ஆனால் கீஎரர்

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஒரு பிடிஎஃபிலிருந்து ஊர்ப்பெயர்களை நகலெடுத்துத் தேடினேன். சென்னை, மதுரை, சேலம் கிடைத்தன. கோயம்புத்தூருக்கு மட்டும் கீஎரர். திரையில் இரண்டும் ஒரு புள்ளி மாறாமல் ஒன்றாகத்தான் தெரிந்தன. நீளத்தைச் சொல்லும் லென் போட்டுப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்தது: ஒன்றுக்கு 13, இன்னொன்றுக்கு 14.

"கோ" என்ற எழுத்தை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறை) இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்குமே இந்தக் கதைதான். நம் கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு இரண்டு வேறு ஸ்ட்ரிங்குகள். மாறிப் பெயர்களை பைத்தான் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், ஸ்ட்ரிங்கைத் தொடாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்:

பெயர் = யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்("என்எஃப்சி", பெயர்.ஸ்ட்ரிப்())

யூனிகோட்டேட்டா பைத்தானோடு கூடவே வருவது, இம்போர்ட் செய்தால் போதும். என்எஃப்சி (NFC) என்பது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம். ஓரத்து இடைவெளியை ஸ்ட்ரிப் கழித்துவிடும். டிக்‌ஷனரியில் போடும்போதும் இதைச் செய்யுங்கள், தேடும்போதும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பயனில்லை.

படி 5: எண்ணுவது

எண்ணிக்கை = {}
எண்ணிக்கை[சொல்] = எண்ணிக்கை.கெட்(சொல், 0) + 1

இரண்டாவது வரியை லூப்புக்குள் வைத்தால், ஒரு பத்தியில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று தெரிந்துவிடும். கவுன்ட்டர் என்ற தயார்க் கருவியும் இருக்கிறது. முதலில் கையால் எழுதிப் பாருங்கள், அப்புறம் அதற்குப் போகலாம்.

பின்சேர்க்கை: நார்மலைஸ் செய்த பிறகும் "கௌரவம்" கிடைக்கவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய கோப்பில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ளகரமும் தட்டப்பட்டிருந்தன. அது வேறு எழுத்து, நார்மலைஸ் அதைத் திருத்தாது. எகரக் குறியோடு ள வரும் இடத்தையெல்லாம் மாற்றிவிடலாம் என்று ரிப்ளேஸ் போட்டுவிடாதீர்கள், வெள்ளி, தெளிவு, கெளுத்தி எல்லாம் கெட்டுப்போகும். இதற்கும் ஒரு டிக்‌ஷனரியே வழி:

திருத்தம் = {"கெளரவம்": "கௌரவம்", "பெளர்ணமி": "பௌர்ணமி"}
சொல் = திருத்தம்.கெட்(சொல், சொல்)

பட்டியலில் இருந்தால் திருத்திய வடிவம் வரும், இல்லையென்றால் சொல் அப்படியே திரும்பும். உங்கள் கோப்பில் தட்டுப்படும் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.