திட்ட விலக்கம் கணக்கிடுவது எப்படி? ஏலக்காய் மாதிரியை வைத்து ஒரு செய்முறை

எண்கள் தம் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று சொல்லும் அளவுதான் திட்ட விலக்கம். போடி, கம்பம், குமுளிப் பக்கம் கல்லூரியில் முதன்முதலாகப் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் அதைக் கணக்கிடும்போது வருகிற சந்தேகம் இது: "பத்தாம் வகுப்பில் 6 எண் இருந்தால் 6-ஆல் வகுத்தோம். இங்கே 5-ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். எது சரி?" இரண்டும் சரிதான். எந்த இடத்தில் எது என்று தெரிந்தால் போதும். அதைச் சொல்லித்தர நம் மலையில் விளையும் ஏலக்காயே நல்ல உதாரணம்.

புத்தடியிலும் போடியிலும் ஏலத்துக்கு வரும் காயின் தரம் சொல்லும்போது நிறம், பருமன் இவற்றோடு லிட்டர் வெயிட்டும் பேசப்படும். ஒரு லிட்டர் பாத்திரத்தில் உலர்ந்த காயை நிரப்பினால் எத்தனை கிராம் நிற்கிறது என்ற கணக்கு அது. நன்றாக முற்றி, உள்ளே விதை நிறைந்த காய் என்றால் எடை கூடும். இளங்காய் கலந்திருந்தால் குறையும். சாக்கு சாக்காக இருக்கும் சரக்கு முழுவதையும் லிட்டர் லிட்டராக யாரும் அளந்துகொண்டிருக்க மாட்டார்கள். கொஞ்சம் எடுத்து அளப்போம். எடுத்தது மாதிரி, சரக்கு மொத்தமும் முழுமைத் தொகுதி.

மாதிரி எடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. ஒரே சாக்கின் மேல்வாயிலிருந்து ஆறு முறை அள்ளினால் அது ஆறு மாதிரி ஆகாது. வெவ்வேறு சாக்கு, மேலே, நடுவே, அடியே என்று கலந்து எடுக்க வேண்டும். இதில் கோட்டை விட்டால் பின்னால் போடும் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.

சரி, ஆறு இடத்தில் எடுத்து அளந்ததில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம் (கிராமில்):

412, 405, 420, 398, 415, 410

படி 1: சராசரி. எல்லாவற்றையும் கூட்டினால் 2460. ஆறால் வகுத்தால் 410.

படி 2: விலக்கம். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 410-ஐக் கழியுங்கள். 2, -5, 10, -12, 5, 0 என்று வரும். இவற்றைக் கூட்டிப் பாருங்கள், பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ தப்பு. மேலே போகாமல் அங்கேயே நின்று திருத்துங்கள். (சராசரி முழு எண்ணாக வராமல் நீங்கள் தசமத்தைச் சுருக்கியிருந்தால் மட்டும் பூஜ்யத்துக்கு ஒட்டி ஏதாவது மிஞ்சும்.)

படி 3: வர்க்கம். விலக்கங்களை அப்படியே கூட்டினால் பூஜ்யம்தான் என்பதால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துகிறோம்: 4, 25, 100, 144, 25, 0. கூட்டுத்தொகை 298.

படி 4: வகுத்தல். மாதிரியில் 6 எண், அதனால் ஒன்று குறைத்து 5-ஆல் வகுக்கிறோம். 298 ÷ 5 = 59.6. இதற்குப் பெயர் விலக்க வர்க்கச் சராசரி.

படி 5: வர்க்கமூலம். √59.6 = 7.72. படி 4-இன் விடை கிராமின் வர்க்கத்தில் இருக்கிறது, அதை வைத்து யாரிடமும் பேச முடியாது. மூலம் எடுத்ததும் மறுபடி கிராமுக்கு வந்துவிடுகிறோம். திட்ட விலக்கம் 7.72 கிராம்.

இப்போது அந்த 5-க்கு வருவோம். பெரும்பாலான நோட்டுகளில் "மாதிரி என்றால் ஒன்று குறை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். காரணத்தை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது.

நமக்கு உண்மையில் தெரிய வேண்டியது, சரக்கு மொத்தத்தின் சராசரியிலிருந்து காய் எவ்வளவு விலகி நிற்கிறது என்பது. அந்தச் சராசரி நமக்குத் தெரியாது. அதன் இடத்தில் இந்த ஆறு எண்ணின் சராசரியான 410-ஐப் போட்டிருக்கிறோம். மொத்தச் சரக்கின் சராசரி 413 என்று ஒரு பேச்சுக்கு வைத்து, அதே ஆறு எண்ணின் விலக்கத்தை மறுபடி எடுங்கள்: -1, -8, 7, -15, 2, -3. வர்க்கங்கள் 1, 64, 49, 225, 4, 9. கூட்டினால் 352. நமக்குக் கிடைத்ததோ 298. 413-க்குப் பதில் 407 போட்டாலும் 352-தான் வரும். 410-ஐத் தவிர வேறு எந்த எண்ணைப் போட்டாலும் 298-ஐ விடக் கூடுதலாகவே வரும், ஏனென்றால் 410 இந்த ஆறு எண்ணிலிருந்தே பிறந்தது. அவற்றுக்கு நடுவில்தான் உட்காரும். ஆக, மாதிரியின் சராசரியை வைத்துப் போடும் கூட்டுத்தொகை எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 6-க்குப் பதில் சற்றுச் சிறிய 5-ஆல் வகுக்கிறோம். ஜெர்மானிய வானியலாளர் பெசலின் பெயரால் இதைப் பெசல் திருத்தம் என்பார்கள்.

6-ஆல் வகுத்திருந்தால் 7.05 வந்திருக்கும். ஆறு எண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரியது. அறுநூறு எண் என்றால் கண்ணுக்கே தெரியாது. உங்கள் வகுப்பில் உள்ள எல்லாருடைய மதிப்பெண்ணும் கையில் இருக்கிறது, அந்த வகுப்பைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறீர்கள் என்றால் அதுவே முழுமைத் தொகுதி. அங்கே மொத்த எண்ணிக்கையாலேயே வகுக்கலாம். பத்தாம் வகுப்புப் பாடம் அந்த வகைதான்.

கால்குலேட்டரிலும் இரண்டும் இருக்கும். பலவற்றில் சிக்மா (σ) போட்டிருப்பது முழுமைத் தொகுதிக்கு, எஸ் போட்டிருப்பது மாதிரிக்கு. சிலவற்றில் இரண்டுக்கும் சிக்மாவே இருக்கும், அங்கே n-1 என்று சேர்ந்திருப்பது மாதிரிக்கு. எக்செலில் எஸ்டிடெவ் என்று தட்டினால், எஸ் என்று முடிவது மாதிரி, பி என்று முடிவது முழுத் தொகுதி.

கையால் போடுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி. எல்லா எண்ணிலும் 400-ஐக் கழித்துவிடுங்கள்: 12, 5, 20, -2, 15, 10. எல்லாமே ஒரே அளவு நகர்வதால் சிதறல் மாறாது. கூட்டுத்தொகை 60, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 898. 60-இன் வர்க்கம் 3600, அதை 6-ஆல் வகுத்தால் 600. 898-இல் 600 போக அதே 298.

இந்த 7.72-ஐ வைத்து என்ன செய்வது? பக்கத்தில் இன்னொரு சரக்கு, அதிலும் ஆறு மாதிரி: 380, 440, 395, 425, 372, 448. சராசரி இதற்கும் 410. ஆனால் விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 5138, திட்ட விலக்கம் 32.06. லிட்டர் வெயிட் 385-க்குக் குறையக் கூடாது என்று ஒரு வியாபாரி கேட்டால் முதல் சரக்கின் ஆறும் தேறும், இரண்டாவதில் இரண்டு விழுந்துவிடும். சராசரியை மட்டும் பார்த்து இரண்டுக்கும் ஒரே விலை சொன்னவர் ஏமாந்துபோவார். இந்த ஒரு காரணத்துக்காகவே, எந்தச் சராசரியைக் கண்டாலும் பக்கத்தில் திட்ட விலக்கத்தைத் தேடும் பழக்கம் நமக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று நீங்களே போட்டுப் பாருங்கள். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஜீப் ஏறிப் போக ஐந்து நாளில் ஒவ்வொரு நாளும் ஆன நேரம், நிமிடத்தில்: 38, 42, 35, 51, 40. சராசரி 41.2 என்று தசமத்தில் வரும். அதை 41 என்று சுருக்காமல் கடைசி வரை அப்படியே கொண்டுபோங்கள். விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 146.8, நான்கால் வகுத்தால் 36.7, திட்ட விலக்கம் 6.06 நிமிடம். அந்த 146.8-இல் 96.04, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, 51 நிமிடம் ஆன ஒரே நாளிலிருந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். இப்படி ஒரு எண் தனியாக எட்டி நின்றால் விடையை எழுதுவதற்கு முன் அந்த நாளில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்: மலைப்பாதையில் லாரி மறித்து நின்றதா, செக்போஸ்ட்டில் வண்டி வரிசை நீண்டதா, அல்லது 41-ஐ 51 என்று எழுதிவிட்டீர்களா.