அனுப்பிய பணம் நடுவழியில் நின்றதா? வங்கியிடம் இழப்பீடு கேட்கும் முறை

அக்கா மகளின் ஹாஸ்டல் கட்டணத்துக்காகப் போனில் பணம் அனுப்பினேன். என் கணக்கில் கழிந்துவிட்டது, அவள் கணக்கில் ஏறவில்லை. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கிளைக்குப் போனால், "அதான் பணம் வந்துடுச்சே சார்" என்றார்கள். நம்மில் பலர் இந்த இடத்தில்தான் எழுந்து வந்துவிடுகிறோம். அனுப்பிய பணம் திரும்புவது வேறு, தாமதத்துக்கு வங்கி தர வேண்டிய தொகை வேறு.

முதலில், பணம் எந்த வழியில் போனது என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். யுபிஐ, ஐஎம்பிஎஸ், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்று அந்த வரியிலேயே இருக்கும். கணக்குப் போடும் முறை இதைப் பொறுத்துத்தான் மாறும். யுபிஐ, ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும், மற்ற இரண்டுக்கு யுடிஆர் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள தனி அடையாளம்) எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, எவ்வளவு வர வேண்டும் என்று நீங்களே கணக்கிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை இதற்கு ஆதாரம். அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. யுபிஐ, ஐஎம்பிஎஸ் மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை என்றால், மறுநாளுக்குள் திரும்பி வர வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய். 3ஆம் தேதி அனுப்பியது 10ஆம் தேதி திரும்பினால் 5 முதல் 10 வரை 6 நாள், 600 ரூபாய். அனுப்பிய தொகை 200 ரூபாய்தான் என்றாலும் இதே 600தான்! கடைக்குச் செலுத்திய யுபிஐ பணம் என்றால் வங்கிக்கு 5 நாள் அவகாசம் உண்டு, அதன் பிறகே 100 ரூபாய்க் கணக்கு தொடங்கும்.

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் வட்டிக் கணக்கு: ரெப்போ விகிதத்துடன் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) 2 சதவீதம் கூட்டி, தாமதமான காலத்துக்கு. நெஃப்டில் பணம் அரைமணிக்கு ஒரு தொகுதியாகப் போகும். அந்தந்தத் தொகுதி முடிந்த 2 மணி நேரத்துக்குள் பணம் ஏற வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும். மொத்த விகிதம் 7.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் 10 நாள் தாமதமானதற்கு ஏறக்குறைய 205 ரூபாய். சிறிய தொகைக்கு இதில் பெரிதாக ஒன்றும் வராது.

தவறான கணக்கு எண்ணை நீங்களே போட்டிருந்தால் இந்த இழப்பீடு பொருந்தாது. அது தனிப் பிரச்சினை.

இனி எழுத்துப்பூர்வமான புகார். வாய்ப்பேச்சு போதாது. வங்கியின் மின்னஞ்சலுக்கோ கிளைக்கோ இப்படி எழுதலாம்:

"...ஆம் தேதி நான் யுபிஐ மூலம் அனுப்பிய ரூ.... (எண் ...) பெறுநர் கணக்கில் வரவாகாமல் ...ஆம் தேதி திரும்பியது. ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி ... நாள் தாமதத்துக்கு ரூ.... இழப்பீட்டை என் கணக்கில் வரவு வைக்கவும்."

நாம் கேட்கும்வரை காத்திராமல் வங்கி தானாகவே இதைத் தர வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. அந்த வரியையும் கடிதத்தில் சேருங்கள். கெஞ்ச வேண்டியதில்லை, இது நமக்குச் சேர வேண்டிய பணம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஆன்லைனில் என்றால் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் என்ற அதன் புகார் இணையதளத்தில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448. வங்கியிடம் முதலில் புகார் கொடுக்காமல் நேரே இங்கு வந்தால் ஏற்கமாட்டார்கள். கிளையில் முத்திரை வாங்கிய அந்த நகலை இங்கேதான் இணைக்க வேண்டும்.