சுரங்க அறிக்கையில் ‘தென்படவில்லை’ என்றிருந்தால் எப்படிச் சோதிப்பது?

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இரண்டே ஆண்டில் அதையும் சேர்த்து ஏறத்தாழ 2,015 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. ஊர்கள் திரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எல்லா மலைக்கும் இப்படி வாய்க்காது. அதனால், சுரங்கம் என்னென்ன பாதிப்பைத் தரும் என்று அனுமதிக்கு முன் எழுதப்படும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை, அதில் ‘இந்த உயிரினம் தென்படவில்லை’ என்று வரும் வரியை, உரசிப் பார்க்கப் பழகுவோம். அரிட்டாபட்டி போன்ற பாறைக்குன்றையே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கெடுத்த மாதங்களைப் பாருங்கள். மழையில்லாத ஒரு பருவத் தரவு போதும் என்பது அறிக்கைக்கு அரசு விதிக்கும் வழக்கமான நிபந்தனை. மார்ச் முதல் மே வரை மட்டும் எடுத்தால் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவையும் மழைக்காலத் தவளைகளும் விடுபடும். அக்டோபர்–டிசம்பரை அந்த நிபந்தனை ‘மழைக்குப் பிந்தைய பருவம்’ என்கிறது. மதுரைக்கு அதுதான் அடைமழைக் காலம்!

அடுத்து, தேடிய விதம். லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை ஜனவரி முதல் மே வரை முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும். பாறை முகடுகளைக் குறைந்தது 500 மீட்டர் தள்ளி நின்று தொலைநோக்கியில் பார்க்க வேண்டும். நெருங்கினால் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும். தேவாங்குக்கு இரவில் சிவப்பு விளக்கோடு மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நடக்க வேண்டும். எறும்புத்தின்னிக்கு வளை வாயில்களில் தானியங்கிக் கேமரா வேண்டும். இவை இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ளவை. பகல் நடையில் கண்ணில் படுவது அரிது.

இங்கேதான் கணக்கு தேவை. ஓர் இடத்தில் இருக்கும் விலங்கு ஒரு இரவில் கண்ணில்படும் வாய்ப்பு 20 சதவீதம் என்று வையுங்கள். மூன்று இரவு தேடியும் தப்பிவிடும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 சதவீதம். அதை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 14 இரவு வேண்டும். எத்தனை இரவு, எத்தனை கேமரா என்று சொல்லாத ‘தென்படவில்லை’யை ஏற்காதீர்கள்.

பாதிப்பைக் குத்தகை எல்லையோடு நிறுத்தக் கூடாது. குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் நீரை இறைத்தாக வேண்டும். தள்ளியிருக்கும் சுனைகூட கோடையில் வற்றலாம். ஈடாக, சுரங்கத்தைச் சுற்றி மரம் நடும் ‘பசுமை வளையம்’ என்பார்கள். வல்லூறுக்கு வேண்டியது பாறை விளிம்பு. மரம் நட்டு அதை ஈடுகட்ட முடியாது.

திட்டத்துக்கு ஊர்மக்களிடம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால், அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. அதற்குள் தேடிய தேதி, நேரம், இடக்குறியீடு, கேமராப் பதிவுகள் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கேட்டது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று அங்கேயே பாருங்கள்.