கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெண்டாயிரம் ரூபாய்க்குள் டிரஸ்

மெயிலில் ‘பிசினஸ் கேஷுவல்ஸ்’ என்று போட்டிருந்தால் கோட்டு தேடி அலைய வேண்டாம். முழுக்கைச் சட்டை, ஃபார்மல் பேன்ட், பெல்ட், ஷூ. அவ்வளவுதான். டை இருந்தால் பையில் கிடக்கட்டும், கேட்டால் கட்டிக்கொள்ளலாம். நான் ஈரோடு பக்கம் என்பதால் கடைகளும் அந்தப் பக்கத்துக் கடைகள்தான். மற்றபடி எந்த ஊருக்கும் இதே கதைதான்.

1. ஷூ

பிளஸ் டூவில் போட்ட கருப்பு லேஸ் ஷூ காலுக்குச் சேர்கிறதா பாருங்கள். சேர்ந்தால் ஒரு பாலிஷ் டப்பாவோடு செலவு முடிந்தது. பெல்ட்டும் கருப்பு. சாக்ஸ் பேன்ட் நிறத்தில். வெள்ளை ஸ்கூல் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் பேன்ட் மேலே ஏறி அதுதான் பளிச்சென்று தெரியும்.

2. சட்டை

வெளிர்நீலம், பிளெய்ன். வெள்ளையும் சரிதான், ஆனால் டவுன் பஸ்ஸில் போய் இறங்குகிறவர்களுக்கு அது தலைவலி. பிராண்டட் சட்டையில் 39, 40, 42 என்று இருப்பது பெரும்பாலும் கழுத்துச் சுற்றளவு, சென்டிமீட்டரில். பேன்ட்டில் 30, 32 என்பது இடுப்பு, இஞ்சில். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேல் பட்டனைப் போட்டபிறகு காலருக்குள் ரெண்டு விரல் நுழைய வேண்டும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும்.

ஈரோடு கனி ஜவுளி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கும் வாரச்சந்தை மலிவுதான். ஆனால் போட்டுப் பார்க்க இடம் எதிர்பார்க்காதீர்கள். அளவு சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய், மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள். துணி எடுத்துத் தைப்பதானால் 58 இஞ்ச் அகலத்தில் சட்டைக்கு 1.6 மீட்டர், பேன்ட்டுக்கு 1.2 அல்லது 1.3 மீட்டர் கேளுங்கள்.

3. பேன்ட், ஆல்டரேஷன்

நேவி ப்ளூ அல்லது அடர் சாம்பல். பிராண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஆல்டரேஷனுக்குக் கொடுங்கள். அளவாக நிற்கும் முந்நூறு ரூபாய் சட்டைக்கு முன்னால், தொளதொளவென்று தொங்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சட்டை எடுபடாது.

எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டு போங்கள். சட்டையின் சைடு பிடிக்கலாம், கை நீளம் குறைக்கலாம். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையையே பிரித்தாக வேண்டும், தெருமுனை டெய்லர் யோசிப்பார். பேன்ட் இடுப்பு இறுக்கமாக இருந்தால் பின்பக்க நடுத்தையலை உள்ளே திருப்பிப் பாருங்கள். அங்கே துணி விட்டிருந்தால்தான் பிரித்து லூஸ் செய்ய முடியும். கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

நீளம்தான் பெரிய வில்லங்கம். காட்டன் பேன்ட் என்றால் முதலில் ஒருமுறை அலசிக் காயப்போடுங்கள், சுருங்குகிறது சுருங்கட்டும். டெய்லரிடம் ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். பெல்ட்டை வழக்கமாகக் கட்டும் இடத்தில் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்து நில்லுங்கள். அளவு சரியா என்று குனிந்தால் பேன்ட் இறங்கி அளவே மாறிவிடும். முன்பக்கம் ஷூவைத் தொட்டு லேசாக ஒரு மடிப்பு விழுந்தால் போதும். அப்புறம் மறக்காமல் சொல்ல வேண்டியது: “அண்ணே, மிஷின் தையல் வேண்டாம், கைல ஹெம்மிங் போடுங்க. மிச்சத் துணிய வெட்டிராதீங்க, உள்ள மடிச்சிருங்க.” மிஷினில் ஓட்டினால் அடியில் ஜீன்ஸ் மாதிரி ஒரு நூல்கோடு தெரியும்.

4. முந்தைய நாள்

புதுச் சட்டையை அப்படியே பிரித்துப் போடாதீர்கள், அட்டை வைத்து மடித்த கோடு நெஞ்சில் கட்டம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். துவைத்து இஸ்திரி கடையில் கொடுங்கள், ஹேங்கரில் வாங்குங்கள். உள்ளே கை வைத்த பனியன் போட்டால் அக்குள் வியர்வை சட்டைக்குச் சீக்கிரம் வராது.

பின்சேர்க்கை: பெண்களுக்கு ஒன்றும் எழுதவில்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். தங்கச்சியிடம் விசாரித்ததில்: முக்கால் கை காட்டன் குர்த்தி, லெகிங்ஸுக்குப் பதில் நேர்வெட்டு பேன்ட், வெளிர்நிறம் என்றால் கட்டாயம் லைனிங். துப்பட்டா போட்டால் தோளில் பின் குத்திவிடுங்கள், ஃபைலை எடுக்கும்போதெல்லாம் நழுவும்.

இன்னொன்று: ஸ்லிம் ஃபிட் பேன்ட் தொடையில் பிடிக்கிறது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நின்று பார்த்து வாங்கினால் அப்படித்தான். ட்ரையல் ரூமில் உட்கார்ந்து, ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்து பாருங்கள். இறுக்கினால் ரெகுலர் ஃபிட் எடுத்துக் கணுக்கால் பக்கம் மட்டும் டெய்லரிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.