பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனில் எந்தப் பிரிவை எடுப்பது, எடுத்ததை எப்படிப் படிப்பது

பிரிவைத் தேர்வு செய்யுமுன் கையில் எடுக்க வேண்டியது அந்தந்தப் பிரிவின் இறுதியாண்டுப் பாட வினாத்தாள்களை. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு தாள் போதும். விடை தெரிய வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கேள்வியோடு தினமும் மூன்று மணி நேரம் உட்கார முடியுமா என்று மட்டும் பாருங்கள். பிரிவுகளின் பெயர்கள் ஏமாற்றும், வினாத்தாள் ஏமாற்றாது. கணக்குக்குப் பயந்து மார்க்கெட்டிங் எடுப்பவர்கள் சந்தை ஆய்வுப் பாடத்தில் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கிடம் மாட்டிக்கொள்கிறார்கள். 'மனிதர்களோடு பழகப் பிடிக்கும்' என்று எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) எடுப்பவர்களுக்குத் தொழிலாளர் சட்டமும் ஊதியக் கட்டமைப்பும் காத்திருக்கின்றன.

அடுத்தது பாடங்களின் வரிசை. கடைசி செமஸ்டரில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். முதலீட்டுப் பகுப்பாய்வு எடுக்க கார்ப்பரேட் ஃபைனான்ஸ் முடித்திருக்க வேண்டும். அதற்கு ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கும் புள்ளியியலும் வேண்டும். இந்தச் சங்கிலியை ஒரே தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடத்தப்படும் பாடங்களை வட்டமிடுங்கள். வட்டமிட்ட பாடத்தில் ஒன்று தவறினால், அதை நம்பியிருக்கும் மற்றப் பாடங்களும் ஓராண்டு தள்ளிப்போகும். படிப்பு நீளுவதற்குத் தேர்வுத் தோல்வியைவிட இதுதான் பல சமயம் காரணம்.

எந்தப் பிரிவுக்குப் போனாலும் முதலாண்டு அக்கவுண்டிங்கை அரைகுறையாக விடக்கூடாது. லாபம் வேறு, கையில் உள்ள பணம் வேறு என்பது அங்கேதான் பிடிபடும். ஒரு லட்சத்துக்குக் கடனில் சரக்கு விற்றால் விற்பனை இன்றே கணக்கில் ஏறும். பணம் மூன்று மாதம் கழித்து வரும். அதற்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். லாபக் கணக்கு காட்டிக்கொண்டே ஒரு நிறுவனம் மூழ்குவது இப்படித்தான். இது புரிந்தவருக்கு கேஷ் ஃப்ளோ அறிக்கை தானாக வரும். புரியாமல் அதன் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர், தேய்மானத்தை (அந்த ஆண்டு பணம் வெளியே போகாமல் கணக்கில் மட்டும் எழுதும் செலவை) ஏன் திரும்பக் கூட்டுகிறோம் என்ற இடத்தில் நின்றுவிடுவார்.

ஃபைனான்ஸில் சூத்திரம் எளிது. அதில் போடும் எண்தான் வம்பு. இன்று 1,00,000 முதலீடு, அடுத்த மூன்று ஆண்டுகளின் முடிவில் தலா 40,000 வரவு என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி விகிதம், அதாவது பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு விகிதம், 10 சதவீதம் என்றால் வரவுகளின் இன்றைய மதிப்பு சுமார் 99,474, திட்டம் நஷ்டம். 9 சதவீதம் என்றால் சுமார் 1,01,252, லாபம். ஒரே ஒரு சதவீதம் முடிவையே புரட்டிவிடுகிறது. ஆகவே கால்குலேட்டரில் விடை வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். விகிதத்தை மேலும் கீழும் மாற்றி, முடிவு எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். இதை எக்செல்லில் செய்யும்போது அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு: என்.பி.வி. (நிகர இன்றைய மதிப்பு) ஃபங்ஷன் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வரும் தொகையாக எடுத்துக்கொள்ளும். இன்றைய முதலீட்டை அடைப்புக்குறிக்குள் போட்டால் விடை தப்பும். வெளியே வைத்துக் கழிக்க வேண்டும்.

ஆப்பரேஷன்ஸ் (உற்பத்தியையும் வேலை ஓட்டத்தையும் நடத்துவது) பலர் எட்டிப் பார்க்காத பிரிவு. அதன் ருசி தெரிய ஒரு கணக்கு: ஒரு பொருள் மூன்று மேசைகளைக் கடக்க வேண்டும். முதல் மேசையில் 4 நிமிடம், இரண்டாவதில் 6, மூன்றாவதில் 3. மணிக்கு எத்தனை வெளிவரும்? பத்து; மிக மெதுவான இரண்டாம் மேசைதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. முதல் மேசையை 2 நிமிடத்துக்குக் குறைத்தால்? அப்போதும் பத்துதான், இரண்டாம் மேசைக்கு முன்னால் குவியல் மட்டும் ஏறும். இந்தக் கணக்கு பிடித்திருந்தால் சப்ளை செயினும் தர மேலாண்மையும் உங்களுக்குச் சலிக்காது.

மார்க்கெட்டிங் திட்டப்பணிகள் பெரும்பாலும் கெடுவது கேள்வித்தாளில். 'விலையும் தரமும் திருப்தியா?' என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆம் என்ற பதில் எதற்கு என்று தெரியாது. 'வாங்குவீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'கடந்த மாதம் எத்தனை முறை வாங்கினீர்கள்?' என்று கேளுங்கள். தயாரித்த கேள்விகளை முதலில் பத்துப் பேரிடம் ஓட்டிப் பார்த்துத் திருத்திய பிறகே பெரிய அளவில் அனுப்ப வேண்டும். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நூறு பதில்கள் சந்தையைச் சொல்லாது, உங்கள் நண்பர்களைத்தான் சொல்லும்.

கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்லும் பயிற்சி, எல்லாப் பிரிவிலும் வரும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்து, யார், எதை, எப்போதுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு நேராக இணைப்பு அட்டவணைகளுக்குப் போய் எண்களைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்; நடுவில் உள்ள கதையைக் கடைசியில் படித்தால் போதும். எழுதும்போது பரிந்துரையை முதல் பத்தியிலேயே வையுங்கள். ஸ்வாட் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்) கட்டம் நான்கையும் நிரப்பிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் முடிப்பதுதான் மதிப்பெண் போகும் வழி.

ஃபைனான்ஸ் மாணவர்கள் சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டுத் துறைச் சான்றிதழ் பற்றியும் யோசிப்பார்கள். மூன்று நிலைத் தேர்வு அது. முதல் நிலைப் பாடத்திட்டத்தில் பெரும்பகுதி பட்டப் பாடங்களோடு ஒட்டி வரும். ஆகவே அந்தப் பாடங்கள் நினைவில் பசுமையாக இருக்கும்போதே எழுதுவது நல்லது. இன்டர்ன்ஷிப் நடக்கும் மாதங்களோடு மட்டும் அதைச் சேர்த்து வைக்காதீர்கள்; பெரும்பாலும் இரண்டும் பாதியில் நிற்கும்.