ராக் ஆல்பத்துக்கு உரை எழுதுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பினாங்கில் ராக் கேட்கும் தமிழர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பாட்டின் பொருள் என்று பேச்சு வந்தால், பாதிப் பேர் "எல்லாம் போதையில எழுதினது லா" என்று முடித்துவிடுவார்கள். மீதிப் பேர் யாரோ சொன்னதை ஒப்பிப்பார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், நீங்களே கேட்டு நீங்களே ஓர் உரை எழுதலாம்.

முதலில் ஆல்பம்

வரிகள் முழுவதையும் ஒரே ஆள் எழுதிய, பாட்டு எண்ணிக்கை குறைவான ஆல்பமாக எடுங்கள். நான் புதியவர்களுக்குக் கொடுப்பது பிங்க் ஃபிலாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்'. 1975இல் வந்தது, ஐந்தே பாட்டு, சுமார் 44 நிமிடம், வரிகள் எல்லாம் குழுவில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ். 'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்' என்ற நீண்ட பாட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தொடக்கத்திலும் மறு பாதியை முடிவிலும் வைத்திருக்கிறார்கள். அதனால் வரிசை மாற்றிக் கேட்டால் ஒன்றும் பிடிபடாது.

வரிகளைப் பார்க்காமல் ஒருமுறை

ஷஃபிளை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். பட்டர்வொர்த்திலிருந்து வேலைக்கு வருகிறவர் என்றால், ஃபெர்ரிக்குக் காத்திருந்து, ஏறி இறங்கி, அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் ஆல்பம் ஏறக்குறைய முடிந்துவிடும். முதல் பாட்டில் எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும், ஒரு குரல் கேட்க. பலர் அங்கேயே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். தாவாதீர்கள். இவ்வளவு நேரம் ஏன் யாரும் வாய் திறக்கவில்லை என்று மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள்.

யார், யாரிடம் சொன்னது?

இதுதான் முக்கியமான படி. சங்க அகப்பாடல்களின் கீழே 'தலைவி தோழிக்குச் சொல்லியது' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதையே ராக் பாட்டுக்கும் எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டின் கீழும் ஒரே வரி: பேசுவது யார், கேட்பது யார், எந்தச் சூழலில்.

'ஹேவ் எ சிகார்' பாட்டை எடுத்துக்கொள்வோம். சுருட்டை நீட்டி, உங்கள் இசைக்குழு பிரமாதம் என்று அளந்துவிட்டு, உங்களில் பிங்க் யார் என்று கேட்கிறான் ஒருவன். கேட்டவுடன் இது வாட்டர்ஸின் குரல் என்று எடுத்துக்கொண்டால் பாட்டு தலைகீழாகிவிடும். பேசுவது இசைத்தட்டு நிறுவனத்து ஆள், கேட்பவர்கள் குழுவினர். குழுவில் பிங்க் என்று யாருமே இல்லை, ஆனால் அந்தக் கேள்வியை நிஜமாகவே அவர்களிடம் கேட்டவர்கள் உண்டாம். பாடியவரும் குழுவில் ஒருவர் அல்ல, ராய் ஹார்ப்பர் என்ற வேறொரு பாடகர். ஆகவே குறிப்பு: 'கம்பெனிக்காரன் குழுவினரிடம் சொல்லியது.' இதே முறையில் 'வெல்கம் டு தி மெஷின்' பாட்டுக்கு நீங்கள் எழுதிப் பாருங்கள்.

தலைப்புப் பாட்டில்தான் சிக்கல். குழுவின் கித்தார்காரர் டேவிட் கில்மோர், அதைப் பாடும்போதெல்லாம் தங்கள் பழைய நண்பர் சிட் பாரெட் நினைவு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரிகளை எழுதிய வாட்டர்ஸோ, தன்னையே நோக்கிக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறார். 'நண்பன் பிரிந்த நண்பனிடம்', 'தன் நெஞ்சிடம்' என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சோடு கிளத்தல் நமக்குப் புதிதா என்ன?

அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். இந்த ஆல்பத்திலும் எந்த வரியிலும் சிட் என்ற பெயர் கிடையாது. ஆனால் ஷைன், யூ, டயமண்ட் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தப் பெயர் வந்துவிடுகிறது. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் வேப்பம்பூ வருகிறது, அது பாண்டியனின் அடையாளப் பூ, எனவே இது அகம் ஆகாது என்று பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வாதிட்டது இப்படிப்பட்ட துப்பை வைத்துத்தான். ரசிகர்கள் செய்வதும் உரையாசிரியர் வேலைதான் என்று எனக்குத் தோன்றுவது இங்கேதான்.

ஓசைக்கும் பொருள் எழுதுங்கள்

'ஹேவ் எ சிகார்' முடியும்போது இசை திடீரென்று சுருங்கி, சின்ன ரேடியோவில் கேட்பதுபோல் ஆகிவிடும். ஸ்டேஷன் மாறும். ஒரு கித்தார் தூரத்தில் ஒலிக்கும். பிறகு பக்கத்திலேயே இன்னொரு கித்தார் அதனோடு சேரும். அறையில் தனியாக உட்கார்ந்து ரேடியோவோடு சேர்ந்து வாசிப்பவன் ஒருவன் கண்ணில் தெரிகிறானா? தெரிந்தால் எழுதுங்கள். வரிகளில் இல்லாத தனிமை அங்கே இருக்கிறது.

அட்டையும் இதில் சேரும். இரண்டு கோட்டுக்காரர்கள் கைகுலுக்குகிறார்கள், ஒருவர் மேல் தீ. முதலில் விற்றபோது அந்தப் படத்தையே கறுப்பு உறையால் மூடி விற்றார்கள், கிழித்தால்தான் தெரியும். லோரோங் கூலிட் சந்தையில் பழைய தட்டு கிடைத்தாலும் அந்த உறை இருக்காது, அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளித் தகவல் கடைசியில்

இப்போது தேடலாம். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாரெட், மனநிலை குலைந்து 1968இல் விலகினார். 1975 ஜூனில், ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த அபி ரோட் ஸ்டூடியோவுக்கு, தலையும் புருவமும் மழித்து, உடல் பருத்து வந்து நின்றார். கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை.

இதைக் கேட்டதும் "அப்போ அதைப் பார்த்துத்தான் பாட்டு எழுதியிருக்காங்க அண்ணே" என்று எப்போதும் ஒரு தம்பி சொல்வான். தேதியைப் பாருங்கள். 'ஷைன் ஆன்' பாட்டை அவர்கள் 1974லேயே மேடையில் வாசித்துவிட்டார்கள். கதை எவ்வளவு அழகாக இருந்தாலும், தேதி ஒத்துவராவிட்டால் அடித்துவிடுங்கள்.

பிறகு சோதனை

எழுதியதை மாமாக் கடைக்கு எடுத்துப் போங்கள். தே தாரிக் ஆறுவதற்குள், உரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வரியையோ ஓசையையோ நண்பர்களுக்கு விரல் வைத்துக் காட்டுங்கள். காட்ட முடியாதவற்றை எடுத்துவிடலாம். அளவு மீறித் தோண்டினால் எழுதியவரே கேலி செய்வார்: பீட்டில்ஸ் வரிகளில் ரகசியம் தேடியவர்களைச் சீண்டவென்றே ஜான் லெனன் 1968இல் 'கிளாஸ் ஆனியன்' எழுதினார். ஆனால் பாட்டை எழுதியவர் சொன்னதற்கு மாறாக ஒரு வரி நிற்கிறது என்றால், நான் வரியின் பக்கம்தான் நிற்பேன்.

இது கைவந்ததும், நம் ஊர்ச் சரக்கில் முயன்று பாருங்கள். யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' 2006இல் வந்த ஹிப்ஹாப் ஆல்பம். மூன்று பேர் மாறி மாறிப் பேசுவதால், பாட்டுக்கு ஒரு குறிப்பு போதாது. குரல் மாறும் ஒவ்வொரு இடத்திலும் 'யார் யாரிடம்' என்று புதிதாக எழுத வேண்டியிருக்கும்.