பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பி.ஏ. வரலாறு, தமிழ், ஆங்கிலம் முடித்தவர்களிடம் என்ன வேலை பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லைங்க." பணிவாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆள் எடுப்பவருக்கு உங்களை எங்கே உட்கார வைப்பது என்றே அதில் பிடிபடாது.

எங்கள் தெருவில் வரலாறு முடித்த ஒரு பெண் போன மாதம் பயோடேட்டா கொண்டுவந்து காட்டினாள். அப்பா பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, அவ்வளவுதான். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, மூன்றாம் வருடப் புராஜெக்டுக்காகப் பதினைந்து கைத்தறி நெசவாளர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து, பேசியதைப் போனில் பதிவுசெய்து, அத்தனையையும் உட்கார்ந்து தமிழில் தட்டச்சு செய்திருக்கிறாள். இதை ஏன்மா எழுதவில்லை என்றால், "அது காலேஜுக்குப் பண்ணதுதானே அண்ணா" என்கிறாள். கள ஆய்வு செய்கிற நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிற வேலை அது! பயோடேட்டாவில் முதல் வரியாக வர வேண்டியது.

அடுத்து, டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 அரசுப் பணித் தேர்வு ஒன்றையே நம்பி மூன்று நான்கு வருடம் வீட்டில் இருப்பது. எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. 200 கேள்விகளில் 100 தமிழ், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி மதிப்பெண் கணக்கிலேயே வராது, தமிழ் இலக்கியம் படித்தவருக்கு அது நல்ல பலம். ஆனால் பத்தாம் வகுப்பு போதும் என்பதால் லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிற தேர்வு அது. பட்டம் கேட்கிற குரூப் 2, 2ஏ-வையும், எந்தப் பட்டம் என்று பார்க்காத வங்கி கிளார்க் தேர்வையும் சேர்த்தே எழுதுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒரு விஷயம், தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் உங்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கல்லூரி மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு இடத்திலும் தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அறிவிப்பு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் தொடக்கப் பள்ளி வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இந்த வாரமே போய் வாங்கி வையுங்கள்.

அப்புறம், வேறு வழி தெரியவில்லை என்பதற்காக பி.எட். சேர்வது. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆக அதற்கு மேல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதற்கும் மேல் தனியாக நியமனத் தேர்வு. பாடம் நடத்தப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள், இரண்டு வருடத்தை ஓட்ட மட்டும் என்றால் அந்தப் பணத்தை வீட்டில் கேட்காதீர்கள். வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.